கரும்பலகையில் நின்றுபோன புதன்கிழமை

2020 ஜூலை 1. மூன்றரை மாதம் பூட்டிக் கிடந்த என் வகுப்பறையைத் திறந்ததும் பூஞ்சை வாடைதான் முதலில் வந்தது. மொரிஷியஸில் எங்கள் ஊரான வாக்வாவில் துணி காயவே மூன்று நாள் ஆகும், பூட்டிய அறையைக் கேட்க வேண்டுமா? கரும்பலகையில் என் கையெழுத்து அப்படியே இருந்தது. 'புதன்கிழமை, மார்ச் 18.' அதற்குக் கீழே ழ, ழா, ழி, ழீ, ழு. அதோடு நின்றிருந்தது. அன்றைக்கு மணி அடித்துவிட்டது, மிச்சத்தை நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

தேதியைத் துடைத்தேன். கிழமையைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை, அன்றும் புதன்தான்.

அந்த மார்ச் 18 இரவில்தான் மொரிஷியஸில் முதல் மூன்று பேருக்குக் கொரோனா என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார். மறுநாள் முதல் பள்ளி இல்லை. 20-ஆம் தேதி ஊரடங்கு. என் இரண்டு பிள்ளைகளும் துள்ளிக் குதித்தார்கள். இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குச் சிக்லோன், அதாவது புயல், விடுமுறை பழக்கமானது. இரண்டாம் எச்சரிக்கை வந்தால் பள்ளி மூடும், ஜன்னலுக்குப் பலகை அடிப்போம், மெழுகுவர்த்தி தேடுவோம், இரண்டு நாளில் காற்று போய்விடும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை, ஏன் உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் கழித்துச் சின்னவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் அரசு ஆரம்பப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பிள்ளைகள் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு, கிரியோல் என்று இருப்பதில் ஒன்றை எடுத்துப் படிக்கலாம். தமிழ் எடுத்த பிள்ளைகள் மற்றவர்களிடமிருந்து பிரிந்து என் அறைக்கு வருவார்கள். வீட்டில் பேச்சு கிரியோல். தொலைக்காட்சி பிரெஞ்சு. பாடப்புத்தகம் ஆங்கிலம். தமிழ் காதில் விழுவது என் அறையிலும் கோவிலிலும்தான். 2020 மார்ச்சில் இரண்டையும் ஒரே வாரத்தில் பூட்டினார்கள். கணக்கு ஆசிரியை 'பாடம் பின்தங்கிவிடும்' என்று கவலைப்பட்டார். எனக்கு வந்த கவலை வேறு. பிள்ளைகளின் நாக்கு அந்த ஒலிகளை மறந்துவிடுமே என்று பயந்தேன்.

அப்புறம் வயிற்றுக் கவலை. மார்ச் 24 முதல் சூப்பர்மார்க்கெட், கடை, பேக்கரி எல்லாம் அடைத்தார்கள். ரொட்டி இல்லாத காலைப்பொழுதை இந்த ஊர் அதுவரை பார்த்திருக்குமா தெரியாது. வீட்டில் இருந்த மாவை ஃபராத்தாவாகத் தட்டித் தட்டியே தீர்த்தோம். கொல்லையில் இருந்த முருங்கை மரம் கிட்டத்தட்ட மொட்டையாகிவிட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி கடையைத் திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து முறை போட்டார்கள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும். ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும். ஓ முதல் இஸட் வரை புதனும் சனியும். உள்ளே போனால் அரை மணி நேரம்.

எங்கள் குடும்பப் பெயர் 'வி'யில் ஆரம்பிக்கும். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்த கொள்ளுத்தாத்தா தன் பெயரைச் சொல்ல, யாரோ ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர் அது. அவர் வேறு மாதிரி எழுதியிருந்தால் எங்களுக்குத் திங்கட்கிழமையே மாவு கிடைத்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் 'பி', அதாவது B. அவர் திங்கட்கிழமை பையோடு திரும்பும்போது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஈஸ்ட் இருந்ததா, எண்ணெய் இருந்ததா என்று விசாரிப்பேன். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று ஆயா சொல்வார். புதன் தவறாமல் கிடைத்தது, ஈஸ்ட்தான் கிடைக்கவில்லை.

சரி, பாடத்துக்கு வருகிறேன். எங்கள் அரசுத் தொலைக்காட்சியான எம்.பி.சி.யில் பிள்ளைகளுக்குப் பாடங்கள் போட ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது கணக்கும் பிரெஞ்சும்தான். அதனால் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மொத்தம் 14 பேர். முதல் வாரத்தில் குரல் வந்தது ஆறு பேரிடமிருந்து. மற்ற வீடுகளில் போன் இல்லாமல் இல்லை. ஒரே போன், அது அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கும், மூன்று பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், பாதி மாதத்தில் டேட்டா தீர்ந்துவிடும்.

அவர்களில் ஒருவனுடைய அம்மா சூப்பர்மார்க்கெட் காசாளர். வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வாங்கிப் போய் இரவுதான் திரும்புவார். ஆகவே அவன் வீட்டுப்பாடம் எனக்கு இரவு ஒன்பதரைக்கு வரும். பின்னால் நாய் குரைக்கும், பாத்திரம் உருளும், தகரக் கூரையில் மழை அடிக்கும். ஒருநாள் என்ன தெரிகிறதோ அதைத் தமிழில் சொல்லச் சொல்லியிருந்தேன். 'மிஸ், மலை பெய்யுது' என்றான். மலை பெய்தால் நாம் யாரும் மிஞ்ச மாட்டோம் என்று சிரித்தேன். பிறகு 'மழை' என்று பத்து தடவை மெதுவாகச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினேன். மறுநாள் இரவும் மலைதான் பெய்தது.

அந்த நாட்களில் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை ரூபாய் நோட்டு. எங்கள் நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. புத்தகம் பள்ளியில் மாட்டிக்கொண்டால் என்ன, நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்குமே! அம்மாவின் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அதில் இருக்கும் தமிழைப் படித்து அனுப்பச் சொன்னேன். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் நம்மவர், ரங்கநாதன் சீனிவாசன், கல்வி அமைச்சராக இருந்தவர் என்றும் சொன்னேன். 'நூறு ரூபாய்' என்று ஒன்பது குரல்கள் வந்தன. ஒரு பெண் 'இருபத்தைந்து ரூபாய்' என்று மூச்சு வாங்காமல் படித்தாள். அன்று மாலையே இரண்டு தாய்மார்கள் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். காசைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவும் காலத்தில் பிள்ளையை நோட்டை எடுக்கச் சொல்லலாமா மிஸ் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வருஷப் பிறப்பை வீட்டுக்குள்ளேயே முடித்தோம். அன்றைக்கு வழக்கமாகச் சமைக்கும் ஏழு கறிக்கு நான்குதான் தேறியது.

2020 ஜூலைக்குப் பிறகு எட்டு மாதம் பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது போலவே இருந்தது. தீவை விட்டுக் கொரோனா போய்விட்டது என்று நானும் நம்பினேன். 2021 மார்ச் 10, மறுபடி புதன், மறுபடி ஊரடங்கு. இந்தத் தடவை சில நாட்களில் வாக்வா, ஃப்ளோரியால், கியூர்பிப், ஃபீனிக்ஸ் பக்கங்களைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்து, போகும் வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். அம்மா ரோஸ்ஹில்லில் தனியாக இருக்கிறார். காரில் கால் மணி நேரம். முதல் ஊரடங்கில் தீவே மொத்தமாக அடைபட்டிருந்ததால் அது அவ்வளவாக உறைக்கவில்லை. இந்தத் தடவை அம்மா இருப்பது கோட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். 'உங்க ஊர் சிவப்பாமே, நீங்க வராதீங்க' என்று அம்மாவே போனில் சொன்னார். சொல்லிவிட்டு அரை மணி நேரம் வைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பையன் பள்ளி இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி. எழுதிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே தள்ளிப்போட்ட தேர்வு அது, அதுவும் நடுவில் இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் அவன் மாடியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தான். என் பெரியவள் அதைப் பார்த்துவிட்டு, 'எனக்கும் இப்படி ஆகுமா?' என்று கேட்டாள். ஜனவரியில் தொடங்கிவந்த பள்ளி ஆண்டே வருஷத்தின் நடுவுக்கு நகர்ந்துவிட்டது. எந்த வகுப்பில் இருக்கிறோம் என்று பிள்ளைகளுக்கே குழப்பம்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து ஒரு படிவம். எத்தனை மாணவர்களுடன் தொடர்பு ஏற்பட்டது என்று வாரா வாரம் எண்ணிக்கை தர வேண்டும். இரவு ஒன்பதரைக்கு 'மலை பெய்யுது' என்று வரும் குரலும் அதில் ஒன்று, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுக் காணாமல் போன பிள்ளையும் அதில் ஒன்று. பதினொன்று என்று எழுதி அனுப்பினேன்.

திரும்பவும் பள்ளி திறந்தபோது எல்லாருக்கும் முகக்கவசம். நான் எதிர்பாராத சிக்கல் அதில்தான் இருந்தது. ல, ள, ழ மூன்றையும் பிள்ளைகளுக்கு வாயைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன். ல-வுக்கு நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால், ள-வுக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும், ழ-வுக்கு மடிந்தும் தொடாமல் நிற்க வேண்டும். துணியை மாட்டிக்கொண்டு இதை எப்படிக் காட்டுவது? கையை நாக்காக வைத்துக்கொண்டேன். இடது கை மேலண்ணம், வலது கை நாக்கு. பிள்ளைகளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு 'ழ... ழ...' என்றார்கள். வழியில் போன இந்தி ஆசிரியர் எட்டிப் பார்த்து, நடன வகுப்பா என்று கேட்டார்.

மலை பெய்தவனும் கையைத் தூக்கினான். முகக்கவசத்துக்குள் அவன் சொன்னது ல-வா ழ-வா என்று எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் சரியாக மடிந்திருந்தது.

2021 நவம்பரில் மூன்றாம் முறை மூடினார்கள். அதற்குள் எனக்குப் புத்தி வந்திருந்தது. எழுத்து அட்டைகளையும் படச்சுருளையும் தினமும் சாயங்காலம் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். இன்றைக்கும் அவை டிக்கியில்தான் இருக்கின்றன. போன வாரம் சந்தையில் காய்கறிக் கூடையை வைக்க இடமில்லாமல் கணவர் முணுமுணுத்தார். அட்டைகளை நகர்த்திக் கொடுத்தேன், எடுத்து வீட்டுக்குள் வைக்கவில்லை.