அப்பாவின் கண்ணுக்குள் குவே லாப்பிஸ்
"தேக்கா பஸ் நம்பர் இங்கேருந்தே தெரியுது, எதுக்கு ஸ்கேன்?" என்று முறுக்கிக்கொண்டார் அப்பா. இருபது வருஷச் சர்க்கரை. மல்லுக்கட்டித்தான் அழைத்துப் போனேன்.

தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். சில நொடிதான், கண்ணை எதுவும் தொடவில்லை. ஓசிடி ஸ்கேனாம், 1991இல் உலகுக்குத் தெரியவந்த நுட்பம். ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. திரையில் பார்த்தால், அடுக்கடுக்காகச் செய்வார்களே அந்தப் பலகாரம், அசல் குவே லாப்பிஸ் துண்டு!

இடக்கண்ணில் நரம்பிழை அடுக்கு ஓரிடத்தில் மெலிந்திருந்தது. கண் நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோயின் தொடக்கம். பார்வை மங்குவதற்கு முன்பே அந்த அடுக்கு தேயத் தொடங்கிவிடுமாம். தேய்ந்தது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காக்கலாம்.

இப்போது தினமும் இரவு 9 மணிக்கு அலாரம். பஸ் நம்பர் தெரிகிறவருக்கு மருந்து பாட்டில் மட்டும் கண்ணில் படுவதேயில்லை.