குளிசைச் சரை

10 பெப்ரவரி 2024, சனி

டொக்டர் இன்று காலை பத்தரை மணியளவில் போய்விட்டார். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

அம்மா உதயன் பத்திரிகையைக் கையில் எடுத்தால் முதலில் திறப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். கண்புரை வெட்டி வில்லை வைத்த பிறகு தலைப்புச் செய்திகளையும் வாசிக்கிறார் என்றாலும், யார் யாருக்கு மாமன், யார் எந்த நாட்டில் இருக்கிறார் என்று விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் மட்டுந்தான். இன்று அந்தத் தாளை உருவி அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மிகுதியைக் கொடுத்தேன். இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கு ஊரிலை ஒருத்தரும் சாகேல்லையோ பிள்ளை?”

ஞாயிற்றுக்கிழமையில் பக்கங்கள் குறைவு என்றேன். முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள் சொல்லக்கூடிய பொய்யா இது? போன மாதம் சின்ன மாமாவின் சாவைக் கேட்ட அன்று இரவு அம்மாவின் பிறஷர் 190/110க்கு ஏறியது. டொக்டர் டோர்ச் லைற்றோடு ஒழுங்கையால் நடந்து வந்து, விடியும் வரை விறாந்தைக் கதிரையில் இருந்தார். இப்போது அப்படி ஏறினால் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் என் பயம். அவர் செத்ததைச் சொல்வதற்கே அவர் தேவைப்படுகிறார்.

12 பெப்ரவரி, திங்கள்

வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

சந்தியிலிருந்து அவருடைய படலை வரைக்கும் கறுப்புக் கொடி கட்டியிருந்தார்கள். சலூன், பலசரக்குக் கடை, மீன் சந்தை எல்லாம் பூட்டு. பறை முழங்கியபோது, அம்மாவுக்குக் காது மந்தமாக இருப்பது நல்லதற்குத்தான் என்று முதல் தடவையாக நினைத்தேன். முற்றத்தில் இருந்த கிழவிகள், நட்சத்திரம் அவிட்டம் ஆனபடியால் பஞ்சமி என்ற சாவுத் தோஷம் உண்டா இல்லையா, உயிர் போனது முன்னரையிலா பின்னரையிலா என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் எழும்பி இருந்திருந்தால் அத்தனை பேரையும் படலைக்கு வெளியே கலைத்திருப்பார். அப்படி நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடினேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி முதுகைத் தடவினாள்.

பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். பாடை ஒழுங்கை முடக்கில் திரும்பிய பிறகும் யாரும் கலையவில்லை.

13 பெப்ரவரி, செவ்வாய்

டொக்டர் மடித்துத் தந்த கடதாசிச் சரையில் அம்மாவின் குளிசைகள் எட்டு இருக்கின்றன. நான்கு நாள்.

15 பெப்ரவரி, வியாழன்

அம்மா மருந்துக்கடைக் கடதாசிப் பையை நம்பமாட்டார். டொக்டர் மடித்த சரையாக இருக்கவேண்டும், மேலே அவருடைய கையெழுத்து இருக்கவேண்டும். இப்போது இருப்பது நாட்காட்டித் தாளில் மடித்தது, மார்கழி 18 என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் தெரியும். மறுபக்கத்தில் நீல மையில் “காலை 1, இரவு 1. சாப்பாட்டுக்குப் பின்.” பின் என்பதன் கீழே இரண்டு கோடு. காலை என்பதில் வரும் லையை அவர் பழைய முறையில், யானைத் துதிக்கை போலச் சுழித்து எழுதுவார்.

இந்தப் பழக்கம் 1990ஆம் ஆண்டு பொருளாதாரத் தடையோடு தொடங்கியது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் அடியோடு நின்றுவிட்டது. மருந்துகள் மட்டுப்படுத்தப்பட்டு வந்த காலத்தில் அவற்றைப் போட்டுக் கொடுக்கும் கடதாசிப் பைக்கு எங்கே போவது? நான் திருத்தி முடித்த தவணைப் பரீட்சைத் தாள்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் இருந்து, கத்தரிக்கோலே இல்லாமல், நகத்தால் கீறிக் கிழித்து மடிப்பார். அப்படித்தான் அந்த நாலைந்து வருடமாக இந்த ஊரின் காய்ச்சலும் சத்தியும் வயிற்றோட்டமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் இலக்கண விடைகளுக்குள் மடித்துக் கொடுக்கப்பட்டன. தளை என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒருவன் ‘கைதிக்குப் போடுவது’ என்று எழுதியிருந்தான். நான் பூச்சியம் போட்டிருந்தேன். அந்தத் தாளில் சுற்றிய மலேரியாக் குளிசையை என்னிடம் நீட்டி, இவனுக்கு ஒரு புள்ளியாவது போட்டிருக்கலாம் என்றார் டொக்டர்.

மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார், எப்படிக் குடிப்பது என்பதைத் தமிழில்தான் எழுதுவார். மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார் என்றால், கூப்பிடு தூரத்தில் பிறந்த எனக்கு ஒரு சரையில் தமிழ் எழுத வராதா என்று கேட்பார். இதை என்னிடம் மட்டும் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். சொன்னதைத் திரும்பச் சொல்வது அவருடைய குறைகளில் ஒன்று.

17 பெப்ரவரி, சனி

டொக்டரின் எட்டாம் நாள் சடங்கு. மரக்கறிச் சாப்பாடு, நல்ல கூட்டம். கல்வெட்டு என்று அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, இறந்த ஆண்டும் மாதமும் திதியும் சொல்லும் திதி வெண்பாவை நான்தான் பாடித் தரவேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். தமிழ் படிப்பித்த பாவம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

சரைக்குள் மருந்துக்கடைக் குளிசை பதினான்கை எண்ணிப் போட்டேன். அதே லொசார்டன், அதே ஐம்பது மில்லிகிராம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

19 பெப்ரவரி, திங்கள்

சோபகிருது என்ற ஆண்டுப் பெயர் வெண்பாவுக்குள் அடங்காது. நேர், நிரை, நிரை: கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீருக்கு இடமில்லை. இரவு முழுவதும் இதே யோசனை. கடைசியில் இரண்டாகப் பிரித்தேன்.

சோப கிருதாண்டில் தைத்திங்கள் பூர்வத்தில்

தளை சரி. பிரதமையை மூன்றாம் அடிக்குத் தள்ளிவிடலாம். இரண்டாம் அடிக்குச் சோபவுக்கு எதுகை வேண்டும். தீபம், தாபம், சாபம், கோபம். கை தானாகவே எழுதிவிட்டது:

கோபம் அறியாதான்

தளையும் தட்டவில்லை, எதுகையும் பொருந்துகிறது. ஆனால் பச்சைப் பொய். கோபம் அறியாதவரா? பிள்ளைக்கு மூன்று நாள் நெருப்புக் காய்ச்சல் விட்டுக் கொண்டுவந்த தகப்பனைப் பார்த்து, “ஏன் இஞ்சை கொண்டு வந்தனீ, நேரே சுடலைக்குக் கொண்டு போயிருக்கலாமே” என்று கேட்ட மனிதர் அவர். அந்தப் பிள்ளையை மாட்டுவண்டியில் ஏற்றி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் சைக்கிளில் பின்னாலேயே போனவரும் அவர்தான். அம்மாவின் காலில் சீனிப் புண் வந்தபோது மஞ்சள் அரைத்துப் பூசினேன் என்பதற்காக, வரிசையில் இருந்த அத்தனை வருத்தக்காரர் முன்னிலையிலும் என்னை ஏசினார். மூன்று மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. கால் தப்பியது.

வெட்டிவிட்டேன்.

21 பெப்ரவரி, புதன்

“டொக்டர்த் தம்பியை ஏன் கனநாளாய்க் காணேல்லை?”

கொழும்புக்கு, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். சிவராத்திரிக்குப் பிறகு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

22 பெப்ரவரி, வியாழன்

மாசிப் பனி மூசிப் பெய்கிறது. அம்மாவுக்கு இருமல். பிறஷர் 150/90.

24 பெப்ரவரி, சனி

நேற்றிரவு நித்திரையில்லை. அப்பாவின் ஞாபகம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊரே நகர்ந்தபோது அப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். டொக்டர் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அந்தச் சனத்துக்குள் பக்கத்தில் நின்றவனையே தெரியவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம் இருந்தோம். கரும்பலகையில் யாரோ எழுதிய வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. டொக்டரும் அகதிதான், அவருக்கும் ஒரு மாமரத்தின் கீழ் ஒரு வாங்குதான் கிடைத்தது. அதில் இருந்தபடியே பார்த்தார். அந்த வருடம் ஆடியில் நவாலித் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்து, அங்கே தஞ்சமிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்த நாளன்று தூக்கிக்கொண்டு திரிந்த அதே தோல் பை காலடியில் கிடந்தது. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்று பார்க்கவே தெரிந்தது.

மார்கழி நடுவில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. கால் வீங்கி, படுக்க முடியாமல், சாக்கு மூட்டையில் சாய்ந்தே இருந்தார். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, என்னை வெளியே கூப்பிடாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். “அண்ணை, இதுக்கு வேண்டிய மருந்து என்னட்டை இல்லை. இஞ்சை ஒருத்தரிட்டையும் இல்லை. ரெண்டு நாள், மிஞ்சினால் மூண்டு.” அம்மா அதைக் கேட்டு நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அந்த மனிதரை அடிக்கவேண்டும் போல இருந்தது. இதமாக ஒரு பொய் சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று பல வருடங்கள் நினைத்திருக்கிறேன்.

அப்பா அன்று பின்னேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிப் பேணிக்குள் போட்டு, கிணற்றுத் துலாவின் ஆடுகாலடியில் தாட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். சந்தைக்காரர் ஒருவருக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுக்கவேண்டும் என்றார். அம்மாவிடம் என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் மறுபக்கம் திரும்பிக்கொண்டோம். மூன்றாம் நாள் விடிய முதல் போனார். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, துலாவும் இல்லை, ஆடுகால் மட்டும் நின்றது. பேணி இருந்தது.

அம்மாவிடம் நான் சொல்லிக்கொண்டிருக்கும் பொய்க்கு இன்றோடு பதினைந்து நாள்.

27 பெப்ரவரி, செவ்வாய்

மருந்துக்கடையில் பழைய கொம்பனிக் குளிசை முடிந்துவிட்டதாம். புதியது வெள்ளையாக, நீட்டாக இருக்கிறது. பழையது வட்டம். சரையும் மடிப்பில் கிழிந்துவிட்டது.

இரவு, அம்மா படுத்த பிறகு, நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து நகத்தால் கீறி மடித்தேன். நீலப் பேனையால் எழுதினேன். மூன்று தாள் வீணாகியது. நான்காவதில் அந்தத் துதிக்கை லை ஏறக்குறைய வந்துவிட்டது. பின் என்பதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன். மற்றவர்களின் கையெழுத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைகளுக்கு எத்தனை தடவை பிரம்பால் போட்டிருக்கிறேன்!

28 பெப்ரவரி, புதன்

அம்மா புதிய சரையைக் கையில் வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். குளிசையை எடுத்துக் குடித்தார். சரையைத் தலையணையின் கீழே வைத்துக்கொண்டார். வழக்கமாக மேசையில்தான் வைப்பார்.

2 மார்ச், சனி

ரொறன்ரோவிலிருந்து டொக்டரின் மகன் தொலைபேசி எடுத்தார். வெண்பாவின் முதல் இரண்டு அடிகளையும் அனுப்பியிருந்தேன்.

சோப கிருதாண்டில் தைத்திங்கள் பூர்வத்தில்
கோபம் உடையான் குணமுடையான்

தனிச்சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறது. கோபம் என்று கல்வெட்டில் போட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள், ‘தீபம்’ என்று மாற்றலாமா என்று மிகப் பண்பாகக் கேட்டார். அந்தத் தம்பிக்கு எதுகை விளங்கியிருக்கிறது, நல்ல விடயம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தீபம் என்று எழுதாத கல்வெட்டு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? 2022இல் பெற்றோல் வரிசை மைல்கணக்கில் நின்றபோது, எழுபது வயது தாண்டிய கிழவர் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடியும் வீடுவீடாகப் போனார். போகும்போது வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார், யாரை என்றில்லாமல், எல்லோரையும். அதை எந்தத் தீபத்துக்குள் அடக்குவது?

3 மார்ச், ஞாயிறு

ஒவ்வொரு ஒக்டோபர் 21ஆம் திகதியும் டிஸ்பென்சரியைப் பூட்டிவிடுவார். 1987இல் அந்த நாள் தீபாவளி. பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் சுட்டதில் வைத்தியர்கள், தாதிமார், சிற்றூழியர் என்று பணியாளர்கள் மட்டும் 21 பேர் செத்தார்கள். டொக்டர் அவர்களில் சிலரோடு படித்தவர். அதற்குப் பிறகு அவர் வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்டதை நான் கண்டதில்லை. இதை வெண்பாவில் சொல்ல முடியாது. சொல்லவேண்டியதும் இல்லை.

5 மார்ச், செவ்வாய்

டொக்டரின் மனைவி கோபத்தை அப்படியே போடச் சொல்லிவிட்டாராம்.

8 மார்ச், வெள்ளி

சிவராத்திரி. அம்மா இந்த வயதிலும் கண் விழிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்றாம் சாமம் வரைக்கும் கதிரையில் இருந்தார். கோயில் ஒலிபெருக்கியில் திருவாசகம் மெல்லியதாகக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், உதடு கூடவே அசைந்தது. இடையில் என்னைப் பார்த்து, “நாளையோடை சிவராத்திரி முடிஞ்சுது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

9 மார்ச், சனி

பிறஷர் 140/85. இருமல் இல்லை.

10 மார்ச், ஞாயிறு

நாளை கீரிமலையில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அச்சகத்திலிருந்து கல்வெட்டுக் கட்டு வந்துவிட்டது, ஒன்றை எனக்குத் தந்தார்கள். அட்டையில் டொக்டரின் படம், கழுத்துப் பட்டியோடு, கொஞ்சமும் சிரிக்காமல். வெண்பா மூன்றாம் பக்கத்தில், ஒரு ஒற்றுப் பிழையோடு.

அரிசிப் பெட்டிக்குள் இருந்த பத்திரிகைத் தாளையும் எடுத்தேன், அரிசி மாப் படிந்திருந்தது, தட்டினேன். அதை நாலாக மடித்துக் கல்வெட்டுக்குள் வைத்தேன். அம்மாவின் கட்டிலருகே உள்ள சின்ன மேசையில் கல்வெட்டை வைத்து, அவருடைய கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து அதன் மேல் வைத்திருக்கிறேன். பிறஷர் பார்க்கும் கருவியும் பக்கத்தில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் வரச்சொல்லி ஓட்டோக்காரத் தம்பியிடமும் சொல்லியாயிற்று.

மணி ஆறு இருபது. அம்மா இன்னும் எழும்பவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன்.