குளத்துக்கு முதுகு காட்டிய வீடுகள்

13 அக்டோபர் 2024, ஞாயிறு

இரவெல்லாம் மழை. காலையில் கரைமேல் ஏறிப் பார்த்தேன். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து மதகின் இரண்டாம் படியைத் தொட்டிருக்கிறது. கரைக்குக் கீழே, குளத்துத் தண்ணீரில் நெல் விளைந்த ஆயக்கட்டு நிலத்தில், இப்போது ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் ‘லேக் வியூ’ என்று பலகை. எங்கள் ஊரில் இதை ஏரி என்று சொன்னவர் யாரும் இல்லை, குளம்தான். விலை பேசும்போது மட்டும் ஏரியாகிவிடும் போலிருக்கிறது. தரைத்தளத்தில் நின்றால் கரைமண்தான் தெரியும். தண்ணீரைப் பார்க்க மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். விலையும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது என்றார் காவலாளி.

நம் வீட்டிலும் குளத்துப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கலாமே என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

20 அக்டோபர், ஞாயிறு

ஜன்னல் ஏன் இல்லை என்பதை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆசாரம் என்கிற முன்கூடமும் வாசலும் கிழக்கே, வீதியைப் பார்த்து. மேற்கே குளம், அந்தப் பக்கம் பொடக்காளி, அதாவது புழக்கடை. மாட்டுக் கட்டுத்தறி, எருக்குழி, கொசு, ஈரம், அவ்வப்போது பாம்பு. குளம் வேலைக்கான இடம், வேடிக்கைக்கான இடமல்ல. வீதியில் இருந்த வீடுகள் எல்லாமே அதற்கு முதுகைத்தான் காட்டின. “குளத்துக் காற்று பிள்ளைகளுக்கு ஆகாது கண்ணு” என்பார் ஆத்தா. அதே ஆத்தா கோடையில் வற்றிய குளத்து மண்ணை வண்டி வண்டியாக அடித்துத்தான் இந்தச் சுவரை எழுப்பியதாகச் சொல்லுவார். மேலே நாட்டு ஓடு. சித்திரையில் ஆள் வைத்துப் பிரித்து மாற்ற வேண்டும். பிறகு சீமை ஓடு வந்தது, அந்த வேலை ஒழிந்தது.

31 அக்டோபர், தீபாவளி

தோட்டத்திலிருந்து பங்காளிகள் வந்து போனார்கள். அவர்களும் ஒரு காலத்தில் இதே வீதிக்காரர்கள்தான். பைக்காரா மின்சாரம் 1932-இல் தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல, மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. கரண்ட் எப்போது வருமோ அப்போது தண்ணீர் கட்ட வேண்டும். ஊருக்குள் படுத்தால் ஆகுமா? காவலுக்குப் போட்ட தோட்டத்துச் சாளையே வீடாயிற்று. ஊருக்குள் காலியான வீடுகளில் தறி புகுந்தது. ஆசாரத்துக்கும் அறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து, ஓடுகளை இறக்கி, சிமெண்ட் அட்டை போட்டு, தறிக்குடோன் ஆக்கிவிட்டார்கள். திண்ணைகள் போனது அப்போதுதான்.

10 நவம்பர், ஞாயிறு

மாமன் வகையறாவின் லைன் வீட்டுப் பக்கம் போனேன். பத்து அறை, ஒரே தாழ்வாரம், ஒரே குழாய். மில் தொழிலாளிகளுக்குக் கட்டியது. மில் மூடியபின் பூட்டிக் கிடந்தது. இப்போது ஒடிசாப் பையன்கள். அறைக்கு இவ்வளவு என்றிருந்த வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று மாறியிருக்கிறது. குழாய் ஒன்றுதான்.

17 நவம்பர், ஞாயிறு

எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது இது.

குளத்தைப் பார்த்து வாசல் வைத்திருந்தவர்கள் கரைமேல் குடிசை போட்டவர்கள் மட்டுமே. அவர்களுக்கு வேறு பக்கம் இடமில்லை. நான் பஞ்சாயத்து கிளார்க்காக இருந்தபோது வீட்டு வரி நோட்டில் அவர்கள் பெயர்கள் இரண்டு பக்கத்துக்கு வரும். ஓலைக் கூரை, ஓடு, தார்சு என்கிற மொட்டை மாடி என்று மேல்தளத்தைப் பார்த்துத்தான் வரி. அவர்கள் எப்போதும் கூரைதான். 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் 75,000 ரூபாய் மானியம் வந்து, ஊருக்குள் குடிசைகள் தார்சு வீடாயின. கரைமேல் ஒன்றுகூட மாறவில்லை. அது நீர்நிலைப் புறம்போக்கு. பட்டா கிடையாது, பட்டா இல்லாமல் தொகுப்பு வீடும் கிடையாது. வரி வாங்க மட்டும் தடையில்லை.

வரி ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார்: “இவ்வளவு ரசீது இருக்கிறதே தம்பி, இடம் எங்களுடையதுதானே?” “பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றேன். பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007-இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு இயந்திரம் வந்தது நான் ஓய்வு பெற்ற பிறகு. சட்டம் தவறு என்று சொல்லமாட்டேன். குளம் நிரம்பினால் அந்தக் குடிசைகளுக்குள் தண்ணீர் வரும், நானே பார்த்திருக்கிறேன். தொலைவில் ஒரு அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். அந்த அம்மா பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டுதான் லாரியில் ஏறினார். அதன்பின் இரண்டு வருடத்துக்குள் ஆயக்கட்டில் மனைக்கல் நட்டார்கள். பட்டா நிலம், எல்லாம் முறைப்படிதான். மதகு திறந்தால் தண்ணீர் போகிற வயல்வாய்க்காலில் இன்று அந்தக் கட்டடத்துக் கழிவு ஓடுகிறது.

9 டிசம்பர், திங்கள்

மகள் ஜெயித்துவிட்டாள். கொத்தனார் மேற்குச் சுவரில் நீலப்பொடி நூலடித்துக் கடப்பாரையை இறக்கினார். ஒன்றரை முழக் கனம். “சிமெண்ட் சுவரை உடைப்பதைவிடக் கஷ்டங்க இது” என்றார். உதிர்ந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் குளத்து நத்தை ஓடுகள். பேத்தி அவற்றைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள்.

மத்தியானத்துக்குள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. குனிந்து பார்த்தேன். கரைமேல் சிமெண்ட் நடைபாதை, இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து ரசீது எழுதுவேன்.

கம்பி வைக்கலாமா, கண்ணாடி மட்டும் போதுமா என்று கொத்தனார் கேட்கிறார். கொசுவலையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.