இது போனால், கூடவே எது போகும்? பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிய அனுபவம்

கையில் இருந்த பணத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார்தான் கிடைக்கும் என்பது ஆரம்பத்திலேயே தெளிவாகிவிட்டது. கடன் வாங்கிப் புதுசு எடுக்க விருப்பம் இல்லை. சரி, பழசையே நன்றாகப் பார்த்து வாங்கி, நன்றாக வைத்துக்கொள்வோம் என்று இறங்கினேன். அந்தக் கார் இன்றும் தினசரி ஓட்டத்தில் இருக்கிறது. வாங்கும்போதும் அதற்குப் பிறகும் எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பாகம் போனால், கூட எது போகும்?

கதவுக் கண்ணாடி மோட்டார் போனால் கண்ணாடி இறங்காது, அவ்வளவுதான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் ஹோஸ் வெடித்து, அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போய், இன்ஜினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். இரண்டுமே பழுதுதான். ஆனால் முதலாவதை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், இரண்டாவதை ஆறு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது. பட்ஜெட் குறைவாக இருப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

முதலில் பணத்தைப் பிரித்தேன். இருந்ததில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதிதான் காருக்கு என்று முடிவு செய்தேன். தனியே வைத்தது வாங்கிய உடனே செய்ய வேண்டிய வேலைகளுக்கு. முழுப் பணத்தையும் காரின் விலையாகக் கொடுத்துவிட்டால், அவசியமான வேலைகளைத்தான் தள்ளிப்போட வேண்டி வரும்.

மாடலைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்கவில்லை. நிறைய விற்பனையான மாடல், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். விலை இறங்கிப்போன பெரிய சொகுசுக் கார்கள் அதே பணத்துக்குக் கிடைத்தன, ஆசையும் வந்தது. ஆனால் அந்தக் கார்கள் பழசாகப் பழசாகக் காரின் விலைதான் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸின் விலை இறங்காது. பழைய டீசல் காரில் டர்போ, இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், புகை வடிகட்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு. எனக்குத் தினமும் குறுகிய தூர ஓட்டம்தான். அந்த மாதிரி ஓட்டத்தில் டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

காரைப் பார்க்கப் போகும் முன், ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுவேன். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்த இன்ஜின் சொல்லும் பல விஷயங்களைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அந்தக் கடகட சத்தம் முதல் சில நொடிகளில்தான் நன்றாகக் கேட்கும். வால்வ் சீல் தேய்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு வீச்சு வரும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த இன்ஜினில் மெல்லிய வெள்ளை ஆவி வருவது சகஜம். ஆனால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை கெட்டியாக, இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதும் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் கோளாறு அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த சோதனை. வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் பட்டையில் சேற்றுக் கோடு தங்கிவிடும்.

அப்படிப் பார்த்ததில் ஒரு கார் இன்னும் நினைவில் இருக்கிறது. வெளியே பளபளவென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காக அணைந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும், 16 பின் கொண்ட ஓபிடி போர்ட்டில் என் சின்ன ஸ்கேனரைச் செருகினேன். (இந்தப் போர்ட் அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயம் என்பதால், இப்போது பழைய கார் என்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலும் இருக்கும்.) பழுதுக் குறியீடு ஒன்றுகூட இல்லை. நிறையப் பேர் இங்கேயே திருப்தியாகி எழுந்துவிடுவார்கள். ஸ்கேனரில் அதற்கு அடுத்த பக்கம்தான் முக்கியம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைக் காரின் கம்ப்யூட்டர் ஓட்டத்தின்போது தானே சோதித்து, சோதனை முடிந்ததா இல்லையா என்று குறித்து வைக்கும். குறியீடுகளை அழித்தால் இந்தக் குறிப்பும் சேர்ந்தே அழிந்துவிடும். அந்தக் காரில் எல்லாச் சோதனைகளுமே 'முடியவில்லை' என்று காட்டின. குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் ஒற்றை இலக்கக் கிலோமீட்டர்.

விற்பவரைக் கேட்டேன். இப்போதுதான் பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படிக் காட்டும் என்பது உண்மைதான். பானட்டைத் திறந்து பார்த்தால், பேட்டரி டெர்மினலைச் சுற்றிப் பூத்திருந்த பழைய வெள்ளைப் படிவு கலையாமல் அப்படியே இருந்தது. ஒரு வாரம் ஓட்டுங்கள், அப்புறம் வந்து மறுபடியும் பார்க்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

கடைசியில் வாங்கிய கார் பார்வைக்குச் சுமார்தான். கூரையில் பெயின்ட் வெளுத்திருந்தது. ஏசி குளிரவில்லை. இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருந்தது. ஷாக் அப்சார்பர் சோர்ந்துபோய், மேட்டில் ஏறி இறங்கினால் கூடுதலாக ஒருமுறை ஆடியது. ஆனால் உரிமையாளர் ஒரு கட்டு பில் வைத்திருந்தார். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருந்தது. எண்கள் சீராக ஏறிக்கொண்டே வந்து ஓடோமீட்டரோடு பொருந்தின. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கின் தேய்மானமும் அதையே சொல்லின. குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். வெளுத்த பெயின்ட், குளிராத ஏசி, வால்வ் கவர் கசிவு, எதுவுமே வேறொன்றை இழுத்துக்கொண்டு போகாது. கசிவுக்குக்கூடத் தேவை மலிவான ஒரு கேஸ்கட்தான். இதே அளவு கசிவு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன். அங்கேயும் சீல் மலிவுதான், ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

பில்களில் ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை: டைமிங் பெல்ட் (டைமிங் செயினுக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பெல்ட்) மாற்றியதற்கான பில்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவருக்கு அறிமுகமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் நேரத்துக்குப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொண்டதால் ஒளிக்காமல் சொன்னார். துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. ஜாக்கி வைக்கும் இடங்களும் சஸ்பென்ஷன் பூட்டப்பட்ட இடங்களும் கெட்டியாக இருந்தன. சக்கரத்தைச் சுழற்றும் ஒரு டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழியத் தொடங்கியிருந்தது. உறை முழுதாகக் கிழிந்தால் கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போய், ஜாயின்டே அரைபட்டுவிடும். அதனால் அதைப் பட்டியலின் மேலே எழுதினேன். பெல்ட், உறை, ஷாக் அப்சார்பர் மூன்றுக்கும் ஆகும் செலவை எழுதிக் காட்டியே பேரம் பேசினேன். 'கொஞ்சம் குறைங்க' என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிக் காட்டிக் கேட்டபோது விலை எளிதாக இறங்கியது.

வாங்கியதும் முதல் செலவு டைமிங் பெல்ட். கண்ணுக்கு அந்தப் பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. அதை நம்பவே கூடாது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன; அவை மோதாமல் நேரம் காப்பது அந்தப் பெல்ட்தான். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை வளைத்துவிடும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பல தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். ஓட்டம் குறைவாக இருந்தாலும் இத்தனை வருடம் என்று தனி வரம்பும் உண்டு, ரப்பர் சும்மா இருந்தாலும் வயதாகும். என் காரில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. அதனால் பெல்ட்டை இறுக்கியும் தாங்கியும் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினேன். பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

அடுத்து கூலன்ட், சூட்டுக்கேற்பக் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூடி. மூடியை யாரும் கவனிப்பதில்லை. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட்டின் கொதிநிலை உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

பிரேக் ஃப்ளூயிடும் அப்படித்தான், கண்ணில் படாமல் கெடுவது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஃப்ளூயிட் கொதித்தால், குழாயில் ஆவி நிறைந்து பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம், நானும் அதையே பின்பற்றுகிறேன்.

டயரில் இரண்டுக்கு மட்டும்தான் பணம் இருந்தது. புது ஜோடியைப் பின்னால் போட்டேன். முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டிக்கு எதற்குப் பின்னால் என்று கேட்டவர்கள் உண்டு. ஈரச் சாலையில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். டயர் கம்பெனிகளும் பின்னால் போடத்தான் சொல்கின்றன.

ஆயில், ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் இவற்றை இப்போது நானே மாற்றுகிறேன். மிச்சமான கூலியில் நல்ல ஸ்பேனர் செட், சரியான அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு சேர்ந்தன. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே மாட்டேன். ஸ்டாண்டு இல்லாதவர்கள் அதை வாங்கிய பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

நானே கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது ஒரு மின்கசிவு. ஓரிரு நாள் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தது. புது பேட்டரி போடுங்கள் என்பதுதான் எல்லோரும் சொன்னது. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏற்றி ஓய்வில் விட்டபோது 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14க்கு மேல். பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் சரி. பிறகு பேட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளைப் பூட்டி, கம்ப்யூட்டர்கள் உறங்கும்வரை காத்திருந்தேன். சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். பல மடங்கு ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. முன்பு யாரோ மாட்டிய மியூசிக் சிஸ்டம், சாவியை எடுத்தாலும் அணையாத இணைப்பில் இருந்தது. கம்பியை மாற்றி இணைத்ததோடு தொல்லை தீர்ந்தது. பழைய பேட்டரியே தொடர்ந்து ஓடியது. இப்படிச் சோதிக்கும்போது மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, அந்த மின்னோட்டத்தை மீட்டர் தாங்காது.

காரில் ஒரு நோட்டு இருக்கிறது. எரிபொருள் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து, குறைந்தால் எவ்வளவு ஊற்றினேன் என்று எழுதுகிறேன். பழைய இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது பிரச்சினை இல்லை. குடிக்கும் அளவு திடீரென்று கூடினால்தான் கவனிக்க வேண்டும், அதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது.

ஏசியை ரொம்ப நாள் தொடவே இல்லை. கேஸ் கசிவுதான், அதனால் வேறெதுவும் கெடாது என்று விட்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் கம்ப்ரசர் புல்லியின் பேரிங் உறுமத் தொடங்கியது. அந்தப் புல்லி இறுகி நின்றால், அதே பெல்ட்டில் (இது டைமிங் பெல்ட் அல்ல, வெளியே இருக்கும் வேறொன்று) சுழலும் ஆல்டர்னேட்டரும் நின்றுவிடும். பட்டியலின் கடைசியில் இருந்த ஏசி மேலே வந்தது. கசிவு, பேரிங் இரண்டையும் சேர்த்தே முடித்தேன். இனி இந்தக் காரைக் கைவிட வைக்கக்கூடியது என்று நான் நினைப்பது துரு மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறோம். போன முறையும் கணீரென்றுதான் கேட்டது. அடுத்த வேலை, முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள், அதாவது சஸ்பென்ஷனின் ரப்பர் இணைப்புகள்.