ஹீட்டர் கோர் மாத்துறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க

மிச்சிகன் குளிர்ல ஹீட்டர் இல்லாம வண்டி ஓட்டுறது வெறும் நடுக்கத்தோட முடியற விஷயம் இல்லங்க. டீஃப்ராஸ்ட்டுக்கும் அதே சூடுதான் வேணும், கண்ணாடி மூடிக்கிட்டா ரோடே தெரியாது. அதனாலதான் இதை விலாவாரியா எழுதுறேன்.

எங்க பழைய மினிவேன்ல முதல்ல வந்தது வாசனைதான், ப்ளோயர் போட்டா மட்டும் ஒரு மாதிரி தித்திப்பா அடிக்கும். அப்புறம் விண்ட்ஷீல்டுக்கு உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம், துணியால துடைச்சா இன்னும் இழுவிக்கிட்டுதான் போச்சு. பாசஞ்சர் பக்கம் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில இருக்கற ஃபோமை அழுத்தினா விரல்ல வழவழன்னு பச்சையா ஒட்டுச்சு, அது ஹீட்டர் கோர்ல இருந்து ஒழுகின கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கற திரவம். ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சாலும் அதே இடம்தான் நனையும், ஆனா அது வெறும் தண்ணி, இந்த வழவழப்பும் வாசனையும் இருக்காது.

ஹீட்டர் கோர்ங்கிறது டேஷ்போர்டுக்குள்ள உக்காந்திருக்கற குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூடாக்கின கூலன்ட் ஒரு ஹோஸ்ல உள்ள போய் இன்னொன்னுல திரும்பி வரும், நடுவுல ப்ளோயர் காத்து அதுமேல பட்டு சூடாகுது. அதனால இன்ஜின் நல்லா சூடானதும் ஃபயர்வால்கிட்ட (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) அந்த ரெண்டு ஹோஸையும் ஜாக்கிரதையா தொட்டாலே பாதி கதை தெரிஞ்சிடும். ஒண்ணு சுட்டு இன்னொன்னு ஜில்லுனு இருந்தா பெரும்பாலும் கோர் அடைச்சிருக்கு, ரெண்டு ஹோஸையும் கழட்டி திரும்பற பக்கத்துல இருந்து தண்ணியை மெதுவா விட்டு கழுவினாலே பல நேரம் சரியாயிடும். ரெண்டும் ஜில்லுனு இருந்தா கூலன்ட் குறைஞ்சிருக்கலாம், இல்ல தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏத்த மாதிரி கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) திறந்தபடியே மாட்டியிருக்கும். ரெண்டும் சுடுது ஆனா காத்து மட்டும் சில்லுனு வருதுன்னா கோர் மேல சந்தேகமே வேண்டாம், பிளெண்ட் டோரைப் பாருங்க, சூடு காத்தையும் குளிர் காத்தையும் கலக்கற சின்னக் கதவு அது. என் ஃப்ரெண்டு ஒருத்தர்கிட்ட ஒரு கடையில டேஷையே இறக்கணும்னு சொல்லிட்டாங்க, கடைசியில பாத்தா அந்தக் கதவை ஆட்டுற சின்ன மோட்டார்தான் போயிருந்துச்சு. கோபமா வந்துச்சு எனக்கு.

தயவு செஞ்சு ஸ்டாப் லீக் (ஒழுகலை அடைக்கன்னு கூலன்ட்ல ஊத்தற மருந்து) ஊத்தாதீங்க. அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மெல்லிசா இருக்கற நல்ல குழாயையும் சேத்து அடைச்சிடும்.

எங்களுக்கு ஒழுகல் உறுதி, கோரை மாத்தறதைத் தவிர வேற வழியில்ல. பார்ட் விலை கம்மிதான், வேலைதான் மலை. பேட்டரியைக் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்து, அப்புறம்தான் ஏர்பேக்கோட மஞ்சள் கனெக்டர்கள்ல கை வைக்கணும். எங்க வண்டியில ஏசி எவாப்பரேட்டரும் (காத்தைக் குளிராக்கற பாகம்) அதே பெட்டிக்குள்ள இருக்கு, ஏசி கேஸை காத்துல விடறது அமெரிக்காவுல சட்டப்படி தப்பு, அதை முதல்லயே ஒரு கடையில மெஷின் வச்சு எடுத்துட்டோம். ஹோஸ் ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க, நீளவாக்குல கீறி உரிச்சிடுங்க, ஹோஸை புதுசா வாங்கிக்கலாம்.

நிறைய பேர் கண்டுக்காத ஒண்ணு பழைய கோரைச் சுத்தி இருக்கற ஃபோம் பட்டை. எங்களுது தொட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. அது இல்லன்னா காத்து கோருக்குள்ள போகாம ஓரத்துலயே நழுவிப் போயிடும், புது கோர் போட்டும் சூடு பத்தாது. புதுசா வெட்டி ஒட்டினோம், குழாய் மூட்டுல இருக்கற ரப்பர் வளையம், ஓ ரிங், அதையும் மாத்தினோம்.

டேஷை மூடறதுக்கு முன்னாடியே பிரஷர் டெஸ்டர் போட்டு ஒழுகுதான்னு பாத்துக்கிட்டோம். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, இந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரைக்கும் உறையாது. முன்பக்கத்தை கொஞ்சம் உயரத்துல நிறுத்தி, ஹீட்டரை முழுசா வச்சு கூலன்ட் குழாய்ல மாட்டின காத்தை வெளியேத்தணும், டேஷுக்குள்ள தண்ணி சலசலக்கற சத்தம் கேட்டா இன்னும் காத்து இருக்குன்னு அர்த்தம். கீழ சிந்தினதை உடனே துடைச்சிடுங்க, கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிடும், கொஞ்சம் போதும் உயிர் போறதுக்கு.

இன்னொன்னு, மல்டிமீட்டரோட நெகட்டிவை பேட்டரி நெகட்டிவ்ல வச்சு பாசிட்டிவை ரேடியேட்டர்ல இருக்கற கூலன்ட்ல முக்கிப் பாத்தோம், இன்ஜின் ஆறின பிறகு மூடியைத் திறந்துதான். லைட், ப்ளோயர் எல்லாம் போட்டதும் வோல்டேஜ் ஏறுச்சு. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல கரண்ட் திரும்பிப் போறதுக்கு இருக்கற கம்பி, கிரவுண்ட் ஸ்ட்ராப், உப்புல அரிச்சுக் கிடந்துச்சு, ரோட்டுல போடற உப்புதான். அந்தக் கரண்ட் கூலன்ட் வழியா போனா அலுமினியம் கோரைத் தின்னுடும், அதான் ஸ்ட்ராப்பையும் அன்னைக்கே மாத்திட்டோம்.