வீட்ல எப்படி பேசுறான்னு யாருமே கேக்கல

போன வாரம் குடியாத்தத்துல ஒரு விழிப்புணர்வு கூட்டம், செல்போன்ல வர்ற மதவெறி பிரச்சாரத்துல இருந்து பசங்கள எப்படி மீட்கிறதுன்னு. மேடையில ஏழு பேர், ஏழு பேரும் ஆம்பளைங்க. கீழ முக்கால்வாசி பீடி சுத்துற அம்மாங்க, முறத்த ஓரமா வெச்சிட்டு அரைநாள் கூலிய விட்டுட்டு வந்தவங்க. ரெண்டு மணி நேரமா அவங்களுக்கு சொன்னது ஒண்ணுதான், "தாய்மார்கள் கண்காணிக்கணும்". அவங்கள ஒரு வார்த்தை பேச விடல.

முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு அக்கா எங்கிட்ட சொன்னாங்க, "அவன் செல்லுல இன்னா பாக்குறான்னு எனக்கு எப்டிம்மா தெரியும், ஆனா ஆறு மாசமா 'நீ பொம்பள, வாய மூடு'ன்றான், தங்கச்சி டியூஷனுக்கு கெளம்புனா கதவாண்ட போய் நிக்கிறான், முன்ன இப்டி இல்லம்மா அவன்."

எனக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் மனசே ஆறல. மேடையில இருந்த யாருக்கும் தெரியாத விஷயம் அந்த அக்காவுக்கு தெரிஞ்சிருக்கு, ஆனா அத யாரும் அறிகுறின்னே எடுத்துக்கல.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். 2011ல நார்வேல 77 பேர கொன்னானே ப்ரெய்விக், அவன் எழுதி வெச்சதுல முஸ்லிம் வெறுப்பு எவ்ளோ இருக்கோ அதோட பின்னிப்பிணைஞ்சு பெண்ணுரிமை மேல இருக்கற ஆத்திரமும் இருக்கு. 2019ல ஜெர்மனில ஹாலே ஊர்ல யூதர் கோயில தாக்க போனவன், பெமினிசத்தாலதான் புள்ள பொறக்கிறது குறைஞ்சு வெளிநாட்டுக்காரன் உள்ள வர்றான்னு வீடியோல சொல்லிட்டுதான் துப்பாக்கிய எடுத்தான். அடுத்த வருஷம் அதே ஜெர்மனில ஹனாவு ஊர்ல ஒருத்தன் வெளிநாட்டு வம்சாவளின்னு ஒன்பது பேர சுட்டுட்டு வீட்டுக்கு போய் பெத்த தாயையும் கொன்னான். இன வெறுப்பு, பொம்பள வெறுப்புன்னு ரெண்டா பிரிச்சு வெக்க முடியாதுங்க, நம்ம இனம் பெருகணும்னா நம்ம பொம்பள அடங்கி பெத்துப் போடணும், அதான் அவங்க கணக்கே.

நம்ம நாட்டுல 2022 ஜனவரி 1ஆம் தேதி 'புல்லி பாய்' ஆப்ல முஸ்லிம் பெண்கள் போட்டோவ ஏலம் விடற மாதிரி போட்டாங்களே, அது மதவெறியா பெண் வெறுப்பா சொல்லுங்க பாப்போம். அதுல கைதானவங்கள்ல பெரும்பாலானவங்க 20, 21 வயசு காலேஜ் பசங்க, ஒரு 18 வயசு பொண்ணும் கூட. இத ஆம்பள பசங்க சமாச்சாரம்னு மட்டும் நெனச்சா அந்தப் பொண்ண எப்படி பிடிப்போம்?

அம்மாவ உளவு பாக்க மட்டும் கூப்பிடறது எனக்கு சுத்தமா பிடிக்கல. புள்ள அடிச்சா அந்த அக்கா எங்க போவாங்கன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? கூட்டம் நடத்தினவர்கிட்ட போன்ல கேட்டேன், பசங்கள பத்தி கேக்கற உங்க கேள்வித்தாள்ல "வீட்ல பெண்கள்கிட்ட எப்படி நடந்துக்கறான்"னு ஒரு கேள்வி சேருங்க சார்னு. "அது குடும்ப விஷயம் மேடம்"னார்.

அடுத்த கூட்டம் பேர்ணாம்பட்டுல. அந்த அக்காவ மேடையில உக்கார வெச்சாதான் நான் வருவேன்னு சொல்லிட்டேன், இன்னும் பதில் வரல.