ஒரு பாயிண்ட்னா எத்தனை பாயிண்ட்?

வீட்டு வயரிங்கு கொட்டேஷன் வாங்குறதுல நான் பட்ட பாட்டை எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், இப்ப மச்சினி வீடு கட்ட ஆரம்பிச்சு "மாமா உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே"ன்னு என்கிட்ட வந்து நிக்கவும் பழைய பில்லையெல்லாம் தேடி எடுத்துட்டேன்.

நாங்க கட்டுனது 2024-ல, திருச்சி பக்கம், 1,200 சதுர அடி. மூணு பேர்கிட்ட ரேட் கேட்டேன். மொதல் ஆளு லேபர் மட்டும், பாயிண்டுக்கு, அதாவது லைட்டு, ஃபேன்னு கரண்ட் போய்ச் சேர்ற எடம் ஒண்ணுக்கு, 220 ரூபா. ரெண்டாவது ஆளு சதுர அடிக்கு 45, அதுவும் லேபர்தான், பைப் போடுறதுல இருந்து ஃபேன் மாட்டி லைட் எரியவிடுற வரைக்கும் எல்லாம் சேத்து. மூணாவது ஆளு மெட்டீரியலோட. அவரு கொட்டேஷன் கடைசியில "இந்த ரேட் 15 நாளைக்கு மட்டும்"னு எழுதியிருந்தாரு, எனக்கு அது ஏதோ அவசரப்படுத்துற மாதிரி பட்டுச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த மே மாசம் லண்டன் மார்க்கெட்ல காப்பர் டன்னு 11,000 டாலரைத் தாண்டிப் போயிருந்துச்சு, வயர் கடைக்காரரு பழைய ரேட் லிஸ்ட்டைக் காட்டவே மாட்டேன்னுட்டாரு. வயருன்னா பாதிக்கு மேல காப்பர் காசுதான், போதாததுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. ஆறு மாசம் கழிச்சு இழுக்கப்போற வயருக்கு இன்னைக்கே வெலை சொல்லுன்னா எவன் சொல்லுவான், சொன்னா பயத்துக்கும் சேத்துத்தான் சொல்லுவான்.

சரின்னு மொதல் ஆளையே புடிச்சேன். நான் பிளானை வெச்சு எண்ணிப் பாத்தேன், 140 பாயிண்ட் வந்துச்சு, 220-ஆல பெருக்குனா 30,800. சதுர அடிக்காரருக்கு 54,000 ஆகுது. யோசிக்க என்ன இருக்குன்னு அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

கடைசி பில்லுல 231 பாயிண்ட்.

எனக்குத் தலை சுத்திருச்சு. ஒக்காந்து ஒவ்வொண்ணா எண்ணுனோம், அவரும் கூடவே நின்னாரு. சுவிட்ச் போர்டுலயே இருக்குற 5 ஆம்ப் பிளக்கை நான் எண்ணவே இல்ல, அது 38. பதினஞ்சு ஆம்ப் பவர் பிளக் ஒவ்வொண்ணும் அவரு கணக்குல ரெண்டு பாயிண்ட், அதுல 9 கூடிருச்சு. ஏசின்னா மூணு பாயிண்ட், மூணு ஏசிக்கு 6 கூட. மாடிப்படிக்கும் பெட்ரூமுக்கும் போட்ட டூவே சுவிட்ச் (ஒரே லைட்டை ரெண்டு எடத்துல இருந்து போட்டு அணைக்கிறது) ஆறு எடத்துல, ரெண்டு பக்கமும் சுவிட்ச் இருக்கே சார் ரெண்டாத்தான் வரும்னாரு. டிவி, நெட், காலிங் பெல், கேமரான்னு 14. மிச்சம் 18 நாங்களே நடுவுல கேட்டது, பூஜை ரூம்ல ஒண்ணு, வாசப்படிக்கு ஒண்ணு, மிக்சிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு வீட்டம்மா வாயால சொன்னதெல்லாம். இதுபோக டிபி பாக்ஸ், அதான் வீட்டு லைன் எல்லாம் பிரியுற சுவிட்ச் பெட்டி, அதை மாட்டுனதுக்கு 3,000, எர்த்து குழி ரெண்டுக்கு 5,000, ஃபேன் மாட்ட ஒண்ணுக்கு 150-ன்னு ஆறு ஃபேனுக்கு 900. மொத்தம் 59,720. எந்த ஆளை வெலை ஜாஸ்தின்னு வேணாம்னேனோ அவரைவிட 5,720 ரூபா கூடக் குடுத்திருக்கேன்.

இதுல அவரு என்னை ஏமாத்துனாருன்னு சொல்ல மாட்டேன். பதினஞ்சு ஆம்பியருக்கு தனியா தடிச்ச வயர் டிபில இருந்தே வரணும், வேலை ஜாஸ்திதான். பாயிண்டுன்னா என்னன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல, அவ்வளவுதான். ஒரே தெருவுல நாலு எலெக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா நாலு கணக்கு சொல்லுவாங்க, ஒருத்தரு போர்டு பிளக்கை அரை பாயிண்டும்பாரு, இன்னொருத்தரு ஃப்ரீம்பாரு.

அப்ப சதுர அடி ரேட்டே நல்லதான்னா அதுவும் இல்ல. அதுல பாயிண்ட் கூடக் கூட அவருக்குத்தான் நஷ்டம், அதனால "இங்க எதுக்கு சார் பிளக்கு, அங்கதான் இருக்கே"ன்னே பேச்சு வரும், கிச்சன் பிளக்கெல்லாம் ஒரே லைன்ல கோத்து விட்டுட்டுப் போயிருவாங்க. போர்டிகோ, படிக்கட்டு, மொட்டைமாடி ரூம் இதெல்லாம் சதுர அடில சேருமான்னு தனி சண்டை இருக்கு. மெட்டீரியலோட குடுத்தா சுவத்துக்குள்ள போறது என்னன்னு நமக்குத் தெரியாது, 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் போடவேண்டிய எடத்துல அதைவிட மெல்லிசா 1.0 ஓடிருக்கும், ஹெவி பைப்புக்குப் பதிலா லைட் பைப் கான்கிரீட்ல நசுங்கிக் கெடக்கும்.

லேபர் மட்டும் குடுத்து பொருளை நாமளே வாங்குனா வேற ஒரு கூத்து. வயர் டப்பாவுக்குள்ள எலெக்ட்ரீஷியனுக்குன்னே கூப்பன் இருக்கும், சில கம்பெனில க்யூஆர் கோடு. இன்ன கம்பெனிதான் சார் நல்லாருக்கும்னு அவரு அடிச்சுச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு அதுல கோவமில்ல, ஆனா வயர் காயில் எத்தனை வேணும்னு கேக்கும்போது அது மனசுல இருக்கணும். வேலை முடிஞ்சப்ப எங்க வீட்டுல பிரிக்காத காயில் ரெண்டு மிச்சம், கடைக்காரரு திருப்பி எடுத்துக்கிட்டாரு, நல்ல மனுஷன்.

நடுவுல ஒருத்தரு பாதி வெலைக்கு ஒரு லோக்கல் வயர் இருக்குன்னு கொண்டாந்தாரு. 1.5 ஸ்கொயர்னு போட்டிருந்துச்சு. எங்க சித்தப்பா நகைக்கடைல வேலை பாத்தவரு, ஒரு மீட்டர் வெட்டி தோலை உரிச்சு வெறும் காப்பரை நகை தராசுல போட்டுட்டாரு. நல்ல காப்பர் 1.5 ஒரு மீட்டருக்கு 13 கிராமுக்குக் கிட்ட இருக்கணும், 90 மீட்டர் காயிலுக்கு சுமாரா 1.2 கிலோ. அது காட்டுனது 11 கிராம். சித்தப்பா தராசைப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, வயரைச் சுருட்டி அந்த ஆளு கைலயே குடுத்துட்டாரு.

பணம் குடுக்குறதுலயும் நான் கோட்டை விட்டேன். சுவத்துல பள்ளமா காடி வெட்டி பைப் பதிச்சு முடிக்கும்போதே பாதிக்கு மேல வாங்கிட்டாரு, அப்புறம் வயர் இழுக்க ஆளு வர்றதுக்கு ஒன்றரை மாசம், பெயிண்டர் தெனம் போன் பண்ணி என்னைத் திட்டுனாரு.

போன வாரம் மச்சினி வீட்டுக்கு ஒரு பக்கத்துல எழுதி எடுத்துட்டுப் போனேன். போர்டுல இருக்குற பிளக் எவ்வளவு, பவர் பிளக் எவ்வளவு, டூவே ஒண்ணா ரெண்டா, டிபி, எர்த்து குழி, ஃபேன் மாட்டுறது உள்ளயா வெளியவா, காடிய யாரு பூசுறது, கரண்ட் லீக் ஆனா தானா லைனை நிறுத்துற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கண்டிப்பா வேணும், கடைசி 25 சதவீதம் பணம் எல்லா லைட்டும் எரிஞ்ச பெறகுதான், நடுவுல கேக்குற பாயிண்ட் எல்லாம் அன்னன்னைக்கே நோட்டுல எழுதி கையெழுத்து. அங்க வேலைக்குப் பேச வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி அதை ரெண்டு தடவ படிச்சாரு. பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, "இதெல்லாம் இப்படி எழுத்துல வேணும்னா பாயிண்டுக்கு நாப்பது ரூபா கூட ஆகும் சார்"னாரு.

சரின்னுட்டேன். மச்சினிக்குத்தான் மூஞ்சி செத்துப்போச்சு.